முதியோர் இல்லத்தில் வயிற்றுக் கோளாறு: எதை, எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் நடக்கும் முதியோர் இல்லத்துக்கு நீங்கள் மேற்பார்வையாளர். 25 பேர், பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் எப்போதும் "வயிறு சரியில்லை, வாய்வு" என்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை வரும் டாக்டர் கேஸ் மாத்திரை எழுதிவிட்டுப் போகிறார். யாருக்கு உண்மையில் என்ன கோளாறு என்று இல்லத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியுமா? சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகள் எண்டோஸ்கோபி, ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்க வேண்டுமா?

முடியும். சொல்லப்போனால் டாக்டரைவிட உங்களால்தான் அதிகம் கண்டுபிடிக்க முடியும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் பார்ப்பவருக்குத் தெரியாதது, தினமும் மூன்று வேளை தட்டை எடுத்து வைப்பவருக்குத் தெரியும். நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது காரைக்குடி, பள்ளத்தூர்ப் பக்கத்து இல்லங்கள் சிலவற்றுக்குப் போய் வருகிறேன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வயதானவர்களின் வயிறு தன் கோளாறை நேராகச் சொல்லாது. முப்பது வயதுக்காரருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் காய்ச்சல் அடிக்கும், வயிற்றைத் தொட விடமாட்டார். எண்பது வயது ஆச்சிக்குக் குடலில் ஓட்டையே விழுந்திருந்தாலும் காய்ச்சல் இல்லாமல், வயிறு இறுகாமல், "என்னமோ நல்லால்லை, சோறு வேண்டாம்" என்பதோடு முடிந்துவிடலாம். மலம் இறுகி அடைத்துக்கொண்டவர் வயிற்றைப் பற்றிப் பேசவே மாட்டார். திடீரென்று குழப்பமாகப் பேசுவார், ராத்திரி தூங்காமல் நடப்பார், சிறுநீர் வராமல் தவிப்பார், கீழே விழுவார். ஆகவே "வயிறு வலிக்கிறதா?" என்று கேட்பதைவிட "இவரிடம் போன வாரம் இல்லாதது இந்த வாரம் என்ன?" என்று பார்ப்பதில்தான் பாதி மதிப்பீடு இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்குழியில் புதிதாக வலி அல்லது அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் இருந்தால் அதை வாய்வு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. சோடாவும் ஓம வாட்டரும் கொடுத்து உட்கார வைக்கக் கூடாது. இதயத்தின் அடிப்பக்கம் தாக்கப்படும் மாரடைப்பு மேல்வயிற்று வலியாகவே வரும். நீரிழிவுக்காரருக்கு வலியே இல்லாமல் வாந்தியும் களைப்புமாகவும் வரும். உடனே இசிஜி எடுக்க வேண்டும், 108-ஐ அழையுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் போகாமல் இருப்பவருக்கு எனிமாவோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள். அது குடல் அடைப்பாக இருக்கலாம். பல காலம் படுக்கையிலேயே இருப்பவர்களுக்குப் பெருங்குடல் முறுக்கிக்கொள்வதும் உண்டு. தார் மாதிரி கறுத்து, ஒட்டிக்கொண்டு, தனி நாற்றத்தோடு போகும் மலம் மேல்குடலில் ரத்தக் கசிவைக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவருக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்து, தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருந்தால், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். இவை எல்லாம் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

இனி நிதானமாகப் பார்க்க வேண்டியவை. நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் மாத்திரை டப்பாவைத்தான் கேட்பேன். இந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் பலகாரம் வந்த பழைய டின்னில் மாத்திரைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கட்டிலில் கொட்டினால் வயிற்றுக் கோளாறுகளில் பெரும்பங்கின் காரணம் அங்கேயே கிடக்கும். மூட்டுவலிக்கு டிராமடால் மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம், நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில், தூக்கத்துக்கோ நரம்புவலிக்கோ அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்கு ஆக்ஸிபியூட்டினின், மறதி நோயாளி சத்தம் போடுகிறார் என்று கொடுத்த குவெட்டியாபின், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எல்லாமே மலத்தை இறுக்கக்கூடியவை. ஒவ்வொன்றும் தனியாகப் பெரிய தொல்லை தராமல் இருக்கலாம். ஒரே ஆள் நான்கைச் சேர்த்து விழுங்கும்போது குடல் நகர மறுக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கும் பசியின்மையும் தரும். மறதிக்குக் கொடுக்கும் டோனெபிசில் குமட்டலும் பேதியும் தரும். இதயத்துக்கான டிகாக்சின் எடுப்பவர் திடீரென்று "சோத்தைக் கண்டாலே பிடிக்கலை" என்றால், அது மருந்து உடம்பில் அதிகமாகச் சேர்ந்துவிட்டதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாட்டையும் டிகாக்சின் அளவையும் உடனே பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் போடும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி ஒளித்து வைத்துச் சாப்பிடும் ஐயாக்கள் ஒவ்வொரு இல்லத்திலும் இருப்பார்கள், தலையணை உறைக்குள்ளும் பாருங்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு மடக்கு காப்பியில் விழுங்கிவிட்டுச் சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கேஸ் மாத்திரை என்று எல்லாரும் சொல்லும் பான்டப்ரசோலுக்கு வருவோம். யாரோ, எப்போதோ, ஒரு வாரத்துக்கு எழுதியது. ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். நெடுநாள் எடுத்தால் பி12 குறையலாம், மக்னீசியம் குறையலாம், குடல் தொற்றுகள் எளிதில் வரலாம். அதற்காக எல்லாருக்கும் நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எடுப்பவருக்கு, முன்பு புண் வந்தவருக்கு அது காவல். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் "இது எதற்காகத் தொடங்கியது, எப்போது தொடங்கியது" என்று எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். பதில் இல்லாத மாத்திரைகளை அவர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் அதிகமாகச் சுரந்து, "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று ஆகிவிடும்.

அடுத்தது, மலம் கழிப்பதைக் குறித்து வைக்கும் பதிவேடு. பல இல்லங்களில் சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. கூச்சம்தான் காரணம். வேட்டி கட்டிய பெரியவரிடம் இளம்பெண் ஒருத்தி கேட்டால் "போனேன், போனேன்" என்பதுதான் பதில். ஆண்களுக்கு ஆண் பணியாளர், ஆச்சிகளுக்கு வயதில் மூத்த பெண் பணியாளர் என்று வைத்து, காலைக் காப்பியின்போது "வெளிக்கிப் போனீகளா ஆச்சி?" என்று தினமும் ஒரே மாதிரி கேட்டால், பத்து நாளில் அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். நேரம், தன்மை, முக்கினாரா, ரத்தம் இருந்ததா, இவ்வளவு போதும்.

தன்மையைக் குறிக்க, 1997-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஏழு வகை அட்டவணை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பணியாளரும் படத்தைப் பார்த்து எண் போடலாம். 1 என்பது ஆட்டுப் புழுக்கை போன்ற தனித்தனி உருண்டைகள், 2 கட்டிகள் ஒட்டிய உருளை. இரண்டும் மலச்சிக்கல். 3, 4 நல்லது. 5 மென்மையான துண்டுகள். நார் குறைவாகச் சாப்பிடுவோரிடம் காணலாம். 6 குழைந்தது, 7 வெறும் தண்ணீர். படத்தை அச்செடுத்துக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

தினமும் போகாவிட்டால் நோய் என்று நம் பெரியவர்கள் நம்புகிறார்கள். சின்ன வயதில் மாதமொருமுறை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை அது. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, முக்கல், இறுகிய மலம், முழுதாகப் போகாத உணர்வு, கையால் எடுக்க வேண்டிய நிலை என்பவற்றில் குறைந்தது இரண்டு இருந்து மாதக்கணக்கில் நீடித்தால்தான் நாள்பட்ட மலச்சிக்கல். இரண்டு நாளைக்கு ஒருமுறை சிரமமில்லாமல் 4-ம் வகையாகப் போகிறவருக்கு எதுவும் தேவையில்லை. தினமும் மூன்று முறை 1-ம் வகையாகத் துளித்துளியாகப் போகிறவர் மலச்சிக்கல்காரர்தான்.

பதிவேட்டில் நீங்கள் கவனித்துப் பிடிக்க வேண்டிய முக்கியமான ஒன்று இது. நான்கைந்து நாளாக ஒன்றுமில்லை. திடீரென்று தண்ணீராக, அடக்க முடியாமல், உடையிலேயே போகிறது. பணியாளர் "பேதி" என்று எழுதுவார், யாராவது லோப்பராமைடு கொடுப்பார்கள். பலருக்கு அது பேதி அல்ல. மலக்குடலில் கல்லாக இறுகிய மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாக மேலிருந்து நீர் கசிகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். இதை உறுதி செய்ய ஒரே எளிய வழி, கையுறை போட்டு விரலால் ஆசனவாய்ப் பரிசோதனை செய்வது. ஒரு நிமிட வேலை. மூலம், கட்டி, ரத்தம், தசையின் இறுக்கம் எல்லாமும் அதில் தெரியும். வரும் டாக்டர் இதைச் செய்வதில்லை என்றால், மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கையுறையும் ஜெல்லியும் திரையும் நீங்கள் தயாராக வைத்திருந்தால் பெரும்பாலோர் செய்துவிடுவார்கள். கடுமையாக மறுக்கும் முதியவரை வற்புறுத்தக் கூடாது.

உங்கள் கட்டடத்தையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் கட்டில்கள் இருக்கும். கழிப்பறையோ இரண்டாங்கட்டையும் தாண்டிப் பின்பக்கம். நடுவில் உயரமான நிலைப்படிகள், ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல். இரவில் அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து, மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காத ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். உந்துதல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். சில வாரத்தில் உந்துதலே மழுங்கிவிடுகிறது. இவர்களுக்கு மருந்து எழுதுவது வீண். கட்டிலருகே இரவுக்கு ஒரு நாற்காலிக் கழிப்பான், வழியில் விளக்கு, சுவரில் பிடிமானம், நிலைப்படிக்குச் சாய்தளம் இவைதான் வைத்தியம். காலையில் ஏதாவது உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையும். காலைப் பலகாரம் முடிந்து அரை மணி நேரத்துக்குள் உட்கார வைப்பதைப் பழக்கமாக்குங்கள். குத்துக்காலிட்டே பழகியவர்களுக்கு மேல்நாட்டுக் கழிப்பானில் உட்கார்ந்தால் வராது. காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீர்க் கணக்கும் இதோடு போகிறது. வயதானால் தாகம் மழுங்கும். தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தைக் கணிப்பது முதியவர்களிடம் நம்பத்தகுந்ததல்ல, தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். பெண்களுக்கு நாளைக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானமாக உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு; மோர், காப்பி, கஞ்சித் தண்ணீர் எல்லாம் சேரும். நம் ஊர் வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

வாய்க்குள் யாரும் பார்ப்பதில்லை. டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆடும் பல்செட், வெற்றிலை போட்டுத் தேய்ந்த பற்கள், நாக்கில் வெள்ளைப் படலம். "பசியில்லை" என்பவர்களில் பலருக்குப் பசி இருக்கும், மெல்லத்தான் முடியாது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காப்பி குடித்ததும் இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, ஒரு வாய் சோறு கன்னத்துக்குள்ளேயே தங்குகிறதா? பக்கவாதமோ நடுக்கவாதமோ உள்ளவரிடம் இவை இருந்தால் விழுங்கும் கோளாறு. உணவு மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியா வரும். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்டபின் அரை மணியாவது படுக்க விடக் கூடாது. இவர்களுக்குப் பாரஃபின் எண்ணெய் கலந்த வெள்ளை நிற பேதி சிரப் கொடுக்கவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் கலந்தவை ஆகாது.

எடையை மாதமொருமுறை, ஒரே தராசில் பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதத்தில் முயற்சி செய்யாமலேயே 5 சதவீதம் குறைந்தால் கவனம், 10 சதவீதம் தாண்டினால் தீவிரம். 50 கிலோ ஆச்சி 45 ஆவது சின்ன விஷயமல்ல. எழுந்து நிற்க முடியாதவருக்கு மேற்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளக்கலாம், 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உடல் எடை தேவைக்குக் குறைவு. டேப்பும் இல்லையென்றால் ரவிக்கையின் தொளதொளப்பும் கழன்று விழும் மோதிரமும் சொல்லும்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. வயதானவர்களுக்கு "ஒத்துக்கொள்ளும்" என்று பெரும்பாலான இல்லங்களில் இட்லி, ரசம் சோறு, மோர் சோறு, ரவைக் கஞ்சி என்றே சுற்றுகிறது. நாரே இல்லை. செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம், எண்ணெய், மிளகு என்று வெளியூர்க்காரர்கள் பயப்படலாம். வீட்டில் தினப்படி இருந்தது கீரை மண்டியும் தண்ணிக்குழம்பும் வாழைத்தண்டும்தானே? அவற்றைக் குழைய வேகவைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். கவுனி அரிசி நன்றாக வெந்தால் நாரும் கிடைக்கும், மனசும் நிறையும். கும்மாயம் என்ற இனிப்பு மென்மையானது, பல்லில்லாதவருக்கும் உளுந்தும் பாசிப்பயறும் உள்ளே போகும். நீரிழிவுக்காரருக்கு மட்டும் கருப்பட்டி, வெல்லக் கணக்கைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பணியாரம் போன்ற எண்ணெயில் பொரித்தவை மாலைக்கு மேல் வேண்டாம். இசப்கோலை நார் என்று எல்லாருக்கும் கலக்கிக் கொடுக்காதீர்கள். படுக்கையில் இருந்துகொண்டு தண்ணீரும் குடிக்காதவருக்கு அது குடலிலேயே பந்தாக அடைக்கும்.

இரவு படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் என்பது நம் வழக்கம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் நம்மில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க "வாய்வு, புரட்டுது" என்பவருக்கு இரண்டு வாரம் பாலை நிறுத்தித் தயிரோ மோரோ கொடுத்துப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை.

பேச முடியாத மறதி நோயாளிகளிடம் முகத்தைத்தான் படிக்க வேண்டும். மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பை முறுக்குவது, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் பெய்னாட் என்ற அளவுகோல் 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஊட்டும்போது ஒருமுறை, வயிற்றைத் துடைக்கும்போது ஒருமுறை போட்டு ஒப்பிடுங்கள். குவெட்டியாபினைக் கூட்டுவதற்கு முன் மலக்குடல் காலியா, சிறுநீர்ப்பை காலியா என்று பார்த்தாக வேண்டும்.

உண்மையான பேதி என்றால், ஓஆர்எஸ் கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், மெட்ஃபார்மின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே டாக்டரைக் கேளுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்பதையும் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் அது தொற்று என்றே கொள்ள வேண்டும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவ வேண்டும், இங்கே சானிடைசர் போதாது. நின்றபின் இரண்டு நாள் வரை அவர்களைத் தனியாக வைத்து, பேதியுள்ள பணியாளரைச் சமையற்கட்டுக்குள் விடாதீர்கள்.

இனி பிள்ளைகள் கேட்கும் பரிசோதனைகள். முதலில் ரத்தம்: ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு. தைராய்டு குறைவும் கால்சியம் மிகுவதும் மலச்சிக்கலாகவே வெளிப்படும். இவற்றோடு மாத்திரைப் பட்டியல், இரண்டு வாரப் பதிவேடு, எடை, விரல் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்தாலே பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை, மலத்தில் ரத்தம், விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பது, காரணமில்லாத எடைக்குறைவு, வருடக்கணக்காக ஒரே மாதிரி இருந்த மலப் பழக்கம் சில வாரத்தில் புதிதாக மாறுவது என்று இவற்றில் ஏதாவது இருந்தால் குடல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். சிவகங்கை மருத்துவக் கல்லூரியோ மதுரையோ, தள்ளிப்போடாதீர்கள்.

அப்போதும் ஒரு கேள்வியை முன்கூட்டியே பிள்ளைகளோடு பேசுங்கள், முடிந்தால் அந்த ஐயாவையோ ஆச்சியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டே: "புற்றுநோய் என்று வந்தால் அறுவைசிகிச்சைக்கு இவர் தாங்குவாரா, அவருக்கு அதில் விருப்பமா?" பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கு முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டும். நடமாட்டமுள்ள, தெளிவான 78 வயதுக்காரர் தாங்கிவிடுவார். படுக்கையில் இருக்கும் 88 வயதுக்காரருக்கு அந்த ஒரு ராத்திரியில் உப்புச்சத்து இறங்கி, கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு முறியலாம். முடிவு எதுவானாலும் சிகிச்சையை மாற்றப்போவதில்லை என்றால் ரத்தசோகைக்கு மருந்து, வலிக்கு மருந்து, மலம் இளக மருந்து என்று செய்வது கைவிடுவதாகாது. அதை டாக்டரே வீடியோ அழைப்பில் பிள்ளைகளிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் செலவுக்குப் பயந்து சொல்கிறீர்கள் என்பார்கள். அழைப்புக்கு முன் பதிவேட்டின் இரண்டு வாரப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், பேச்சு பாதி நேரத்தில் முடியும்.